கோவளத்துக்கு ஒரு கைப்பேசி

 

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் பல்லவர் காலத்துக் கற்றளிகளைக் காணச் செல்கின்றனர். கோவளத்துக்குச் செல்வோர், அங்கே அடங்கியுள்ள ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவில் ஸியாரத் செய்யச் செல்கின்றனர். சென்ற கோடையில் நான் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டு இவ்விரு ஊர்களுக்கும் சென்றதன் நோக்கம் வேறு. எனக்கு ஒரு கைப்பேசி வாங்க வேண்டியிருந்தது.

என் ஜிப்பாப் பையில் பழைய தபால் உறை ஒன்று இருந்தது. உறைக்குள் மடித்த காகிதம். காகிதத்துக்குள் விரல்நகம் அளவே உள்ள ஒரு சிம் அட்டை. அது என்னுடையதன்று. கோவளத்தில் பூக்கட்டி விற்று இரு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைத் தாயினுடையது. அவருடைய மூத்த மகன் எங்கள் மதரஸாவில் தங்கி ஓதுகின்றான். அந்த அட்டை என் பைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இக்கதையில் குற்றவாளி நான்தான்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் நாட்டின் மூன்று பெரிய தனியார் தொலைபேசி நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒரே மாதத்தில் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லுக்கு ஏறத்தாழ 29 இலட்சம் இணைப்புகள் கூடின. மற்ற மூன்றும் வாடிக்கையாளரை இழந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட கணக்கு இது. மாதத்துக்கு நூறு ரூபாய் மிச்சமாவது பெரிய செய்தியா என்று கேட்பவர், எங்கள் மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோரைக் கண்டிராதவர். ஆட்டோ ஓட்டுபவர், மீன்கூடை சுமப்பவர், வீட்டிலிருந்து துணி தைப்பவர் ஆகியோரே அவர்களில் மிகுதி.

ஷவ்வால் மாதம் மதரஸா திறந்தபோது நடந்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேசினேன். எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு என்பதையும், 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் குறியெண் பெறும் முறையையும் கரும்பலகையில் எழுதியே காட்டினேன். குறைந்த கட்டணத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றேன். பலரும் தலையசைத்தனர். கோவளத்துத் தாய் தலையசைத்ததோடு நில்லாமல், ஊர் திரும்பிய வாரமே மாறியும் விட்டார்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சில கைப்பேசிகள் ஒரே ஒரு நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டா என்பதே அது. எனக்கே அது தெரியாது என்பதால் சொல்லவில்லை. தெரியாத துறையில் ஆலோசனை சொல்லும் பழக்கம் ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சற்று அதிகம்.

பதினொரு நாட்கள் அவர் எண் ஊமையாகக் கிடந்தது. அதற்கிடையில் மகனுக்குக் கடும் காய்ச்சல். விடுதிப் பொறுப்பாளர் நாளுக்கு நான்கு முறை அழைத்தும் பயனில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற பிறகு, ஓர் ஆளைப் பேருந்து ஏற்றிக் கோவளத்துக்கு அனுப்பினோம். மறுநாள் காலை அந்தத் தாய் வந்து சேர்ந்தார். அல்ஹம்து லில்லாஹ், காய்ச்சல் அதற்குள் தணிந்திருந்தது. மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து பேசியையும் சிம்மையும் எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் அஜ்ரத். சிம்மு புதுசு, போனு பழசு. ரெண்டும் சேரலை. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன். குவைத்துல இருக்குற தம்பிக்கு என்ன ஆச்சோ, அவன் எனக்கு என்ன ஆச்சுன்னு தவிக்கிறானோ தெரியலை” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

சிம்மை என் கைப்பேசியில் இட்டுப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது. அரை நிமிடத்தில் எடுத்துவிட்டேன். வங்கியின் இரகசிய எண் முதல் உடன்பிறந்தவன் குரல்வரை வந்து சேரும் வாசல் அது. பிறர் வீட்டு வாசலில் நாம் நெடுநேரம் நிற்கலாகாது. “இதை என்னிடம் விட்டுச் செல்லுங்கள் தாயே, இதற்கேற்ற பேசியோடு கொண்டுவந்து தருகிறேன்” என்றேன். அவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அமானிதம் என்ற சொல்லை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு விளக்குகிறேன். அது இவ்வளவு சிறியதாகவும் இருக்கக் கூடும் என்று அன்று அறிந்தேன்.

பூட்டிய பேசி என்பது என்ன? சிம் அட்டையினுள் நீண்ட இலக்கம் ஒன்று பதிந்துள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். இந்தியாவுக்கு 404, 405 போன்றவை உண்டு. அடுத்து வருவன நிறுவனத்தைக் காட்டும். பூட்டிய பேசி சிம்மை இட்டவுடன் இவ்விலக்கங்களைப் படிக்கும். தனக்குச் சொல்லிவைத்த நிறுவனமாக இல்லாவிட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். கருவியில் பழுது ஏதும் இல்லை. செய்யாதே என்ற ஆணைதான் உண்டு.

நம் நாட்டில் இது புதிதன்று. 2003ஆம் ஆண்டு ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்தில் கைப்பேசி தந்தபோது அதில் சிம் அட்டையே இல்லை. எண் பேசிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 2017இல் 1500 ரூபாய் திருப்பித் தரும் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோஃபோன், ஜியோ சிம்முக்கு மட்டுமே உரியது. இதனால்தான் அவை அவ்வளவு மலிவாகக் கிடைத்தன என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். கருவியின் விலையைக் குறைத்து, கட்டணத்தில் அதை ஈடுகட்டுவது வணிகக் கணக்கு. நிபந்தனையை அறிந்து வாங்கியவருக்கு அதில் முறையீடு இல்லை. அதுவரை கைப்பேசியே தொட்டிராத ஏராளமான ஏழைகள் அவ்வாறுதான் முதல் பேசியைக் கண்டனர்.

வெளிநாடுகளில் இவ்வழக்கம் இன்னும் விரிவானது. அதற்கெதிரான சட்டங்களும் அங்கிருந்தே வந்தன. கனடா 2017 டிசம்பர் முதல் எல்லாப் பேசிகளையும் பூட்டின்றி விற்க வேண்டும் என்றது. ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் அவ்வழி வந்தன. அமெரிக்காவில் தவணை முறையில் வாங்கும் பேசிகள் கடன் தீரும்வரை பூட்டியே இருப்பது வழக்கம். இது உங்கள் இல்லத்துக்கும் தொடர்புள்ள செய்திதான். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து அலமாரியில் உறங்கும் பேசி ஒன்றாவது நம்மில் பலர் வீட்டில் உண்டு. அதை ஏழை உறவினருக்குக் கொடுப்பது நற்செயல். கொடுக்குமுன் அவருடைய சிம்மை அதில் இட்டு ஓர் அழைப்புச் செய்து பாருங்கள். சில பேசிகளின் பெட்டியின்மேல், முதன்முறை இன்ன வட்டாரத்துச் சிம்மைக் கொண்டே இயக்க வேண்டும் என்ற ஒட்டுச்சீட்டு இருக்கும். கண்ணாடி அணிந்தாவது அதைப் படித்துவிடுங்கள்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

செங்கல்பட்டு, பெரிய ஊரும் அன்று, சிற்றூரும் அன்று. 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகரானது. இரயிலில் வருவோர் கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைக் கண்டு மகிழ்வர். தாங்கள் கடக்கும் தடம் பழைய கோட்டையை ஊடறுத்துச் செல்கிறது என்பதைப் பலரும் அறியார். 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றிய கோட்டை அது. இன்று கடைத்தெருவில் மளிகைக்கடைக்கு நிகராகக் கைப்பேசிக் கடைகள் இருக்கின்றன. ஒரு வியாழக்கிழமை, பாடம் முடிந்த பிறகு அவற்றுள் மூன்றில் ஏறி இறங்கினேன்.

முதற்கடைக்காரர் பொத்தான் பேசி ஒன்றை எடுத்து வைத்தார். புதியது, விலை 1500 ரூபாய்க்குள். உறையிலிருந்த சிம்மை இட்டதும் அது பேசியது. பி.எஸ்.என்.எல்.லின் பழைய 2ஜி அலைவரிசை இன்னும் இயங்குவதால், பேசவும் குறுஞ்செய்தி பெறவும் மட்டும் போதும் என்பவர்க்கு இதைவிட மலிவான, பூட்டில்லாத வழி வேறில்லை. உங்கள் வீட்டு முதியவருக்காகத் தேடுகிறீர்கள் எனில் இந்தக் கட்டுரையை இத்தோடு மடித்துவிட்டுக் கடைக்குச் செல்லலாம். கோவளத்துத் தாய்க்கு அது போதாது. குவைத்திலுள்ள தம்பி வாட்ஸ்அப் வழியாகத்தான் நீளப் பேசுவார். மகனின் பாட அறிக்கையையும் கட்டண இரசீதையும் நாங்களே வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறோம். தாள் மிச்சம் என்று நாங்கள் எடுத்த முடிவு அது. அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பதை அக்கடையின் முன் நின்றபோதுதான் எண்ணிப் பார்த்தேன்.

இரண்டாவது கடையில் தொடுதிரைப் பேசிகள் இருந்தன. சிம்மை இட்டுப் பார்க்கலாமா என்றேன். “மொதல்ல பணத்தைக் கட்டுங்க பாய், அப்புறம் போட்டுப் பாருங்க” என்றார் பையன். இறங்கிவிட்டேன்.

மூன்றாவது கடையில்தான் நான் அறியாத இரண்டாவது பூட்டைப் பற்றிக் கற்றேன். பழைய பேசி ஒன்று, 2800 ரூபாய். பூட்டில்லை; சிம்மை ஏற்றது; பேசியது. இணையம் மட்டும் நத்தையாக நகர்ந்தது. “டவர் வீக், சரியாயிடும்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது மெய்யா என்று என் பேசியில் அதே சிம்மை இட்டுப் பார்த்தேன். 4ஜி என்று காட்டி விரைவாகவே ஓடியது. ஆகவே குறை கோபுரத்தில் இல்லை.

காரணம் இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் குறிப்பிட்ட அலைவரிசைகளில் இயங்குகின்றது, அவற்றுக்கு எண்ணிட்டுள்ளனர். பி.எஸ்.என்.எல். தன் 4ஜி சேவைக்குப் பயன்படுத்துவனவற்றுள் முக்கியமானவை 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது 28ஆம் பட்டை. 2500 மெகாஹெர்ட்ஸ், அதாவது 41ஆம் பட்டை. குறைந்த அலைவரிசை தொலைவு செல்லும், சுவரையும் துளைத்து உள்ளே வரும். ஆகவே வீட்டுக்குள் பேசுவோருக்கு 28ஆம் பட்டை முக்கியம். தனியார் நிறுவனங்களின் வேறு பட்டைகளை மட்டும் கருதிச் செய்யப்பட்ட பழைய பேசிகள் பலவற்றுக்கு இந்த 28ஐக் கேட்கும் செவி கிடையாது. பூட்டு இல்லை, ஆனால் கதவே அந்தப் பக்கம் வைக்கப்படவில்லை. அதைப் பெட்டியின்மேலோ, அந்த மாடலின் விவரப் பட்டியலிலோ ‘பி28, பி41’ என்று இருக்கிறதா எனப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பி.எஸ்.என்.எல். உள்நாட்டிலேயே உருவாக்கிய தொழில்நுட்பத்தில் அமைத்த 4ஜி கட்டமைப்பு, 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கோபுரங்களின் பயன் நம் கையை எட்டுவதற்கு இந்த இரு எண்களும் வேண்டும்.

அக்கடையை விட்டு இறங்கும்போது மாணவர்க்கு நான் நடத்தும் வணிகப் பாடம் நினைவில் ஓடியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலொன்றுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வணிகரை, அதை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா எனக் கண்டித்த நிகழ்ச்சி நீங்கள் அறிந்ததே. விற்பவன் அறிந்த குறையை வாங்குபவனுக்குச் சொல்லாமல் விற்றால், பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்குபவனுக்கு உண்டு என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். ‘அய்ப்’ எனப்படும் அந்தக் குறைக்கு நான் இதுவரை சொல்லிவந்த உதாரணங்கள் நொண்டி ஒட்டகமும் பால் கட்டிவைத்த ஆடும்தாம். ஒட்டகத்தைக் கண்டிராத பிள்ளைகள் தூங்கி விழுவர். இவ்வாண்டு முதல் பூட்டிய பேசியை உதாரணமாகச் சொல்கிறேன், ஒருவனும் தூங்குவதில்லை.

எங்கள் பழைய மாணவர் ஒருவர், மாமல்லபுரத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் தம் ஊரில் பூட்டிய பேசியோடு வந்து, இந்தியச் சிம் வாங்கி, இரண்டும் சேராமல் விழிப்பது அங்கே வாடிக்கையாம். ஆகவே பூட்டைப் பற்றி அவரைவிட அறிந்தவர் இந்தப் பக்கம் இல்லை என்றார். வெள்ளி ஜும்ஆவுக்கு முன் திரும்ப முடியாது என்பதால் சனிக்கிழமை காலை பேருந்து ஏறினேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பாதிவழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் கோயிலும், பகலில் வந்து உணவு கொண்டதாகச் சொல்லப்படும் கழுகுகளின் கதையும் அவ்வூருக்குப் புகழ் தந்தவை. பேருந்தில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்த பெரியவர், இவ்வட்டாரப் பெண்பிள்ளைகள் ஒரு காலத்தில் நிறுவனப் பேருந்தேறிக் கைப்பேசி செய்யப் போன கதையைச் சொன்னார். திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலையைத்தான் சொன்னார். உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக இருந்த அது, 2014 நவம்பர் முதல் நாள் மூடப்பட்டது. “எம் பொண்ணு தெனம் நூத்துக்கணக்குல போன் பாத்து அனுப்புனா, எங்க ஊட்டுல ஒண்ணு இல்லே” என்று சிரித்தார். அவர் கையில் இப்போது இருந்தது, உடைந்த திரையில் ஒட்டுத்தாள் போட்ட பேசி.

மாமல்லபுரம் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் சந்தித்ததும், 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததும் இவ்வூரில்தான். கல் இழைக்கும் ஒலி தெருவெங்கும் கேட்டது. உளியின் ஓசையைவிட இயந்திரத்தின் கீறல் ஒலிதான் இப்போது மிகுதி. குன்றின்மேல் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதன் அருகிலுள்ள பழைய பல்லவர் கட்டடத்தின்மேல்தான் முற்காலத்தில் கப்பல்களுக்காக விளக்கு எரிந்தது. அரபு வணிகரின் கலமா, சீனரின் கலமா என்று கேட்டு எரிந்திருக்காது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கையில் பூட்டிய பேசியோடு திரிபவனுக்கு எதைப் பார்த்தாலும் அந்த எண்ணம்தான்.

அந்த இளைஞரின் கடை ஓர் அலமாரியைவிடச் சற்றே பெரிது. தந்தை சிற்பி என்றும், கல் தூசி ஒத்துக்கொள்ளாமல் தாம் இத்தொழிலுக்கு வந்ததாகவும் சொன்னார். முதலில் அந்தத் தாயின் பழைய பேசியைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைத் தொறந்து தர்றேன்னு ஐந்நூறு ரூபா கேக்குறவங்க இருக்காங்க ஐயா. பாதி போன் அதுலயே செத்துடும். நான் செய்யறதில்லை” என்று மேசைமேல் வைத்துவிட்டார். பிறகு பழைய தொடுதிரைப் பேசிகள் மூன்றை எடுத்தார். நான் கேட்குமுன்னரே, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தார். “இதுல இருபத்தெட்டு இல்லை. உங்களுக்கு வேணாம்.” மற்றொன்றின் மின்கலம் வீங்கியிருப்பதை அவரே விரலால் தட்டிக் காட்டி ஒதுக்கினார். தானியக் குவியலின் ஈரத்தைத் தானே மேலே எடுத்து வைப்பவர். எந்த மதரஸாவிலும் ஓதியவரல்லர்.

மூன்றாவது பேசியை அவர் சோதித்த முறையை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலில் நட்சத்திரக்குறி, ஹாஷ், 06, ஹாஷ் என அழுத்தினார். பதினைந்து இலக்க அடையாள எண் திரையில் தோன்றியது. இரட்டைச் சிம் பேசிக்கு இரண்டு எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொன்னார். அரசின் பதிவேட்டிலிருந்து விடை வரும். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி என்றெல்லாம் வந்தால் அப்பேசியைத் தொடவே கூடாது. திருட்டுப் பொருளை மலிவு என்று வாங்கிவிட்டு அதில் பாங்கொலியை அலாரமாக வைத்துக்கொள்வதால் என்ன பயன்? எங்களுக்கு வந்த விடையில் பேசியின் மாடலும் தயாரிப்பாளர் பெயரும் கையிலிருந்ததோடு பொருந்தின. பின்னர், பழைய உரிமையாளரின் கணக்கு எதுவும் உள்ளே தங்கவில்லை என்பதைக் காட்டுவதற்காக, என் எதிரிலேயே முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கினார்.

“இப்ப உங்க சிம்மைப் போடுங்க ஐயா” என்றார்.

உறையைப் பிரித்தேன். அட்டை உள்ளே சென்றது. சற்று நேரம் தேடியது, பிறகு பி.எஸ்.என்.எல். என்றும் 4ஜி என்றும் எழுத்துகள் தோன்றின. நான் மூச்சு விடுமுன் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. வரட்டும் என்று பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவை எனக்குரியன அல்ல. விலை 3400 என்றார், நான் 3000 என்றேன், 3200இல் நின்றது. அடையாள எண்ணையும், பத்து நாட்களுக்குள் குறை கண்டால் திருப்பிக்கொள்வதாகவும் எழுதி இரசீது தரச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, கவிழ்த்து வைத்த பேசி ஒலித்தது.

எடுப்பதா, விடுவதா? வெளிநாட்டு எண். குவைத் என்று தெரிந்தது. ஒரு பெண்ணின் பேசியில் அந்நிய ஆண் குரல் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் என்ன எண்ணுவார்? எடுக்காமல் விட்டால் இன்னும் என்ன எண்ணுவார்? எடுத்தேன். ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வரவில்லை. நீண்ட அமைதி.

“யாரு நீங்க? எங்க அக்காவுக்கு என்னாச்சு?”

நான் யாரென்பதைச் சொன்னேன். அக்காவும் மருமகனும் நலம் என்று இருமுறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியபோது அவர் அழுவது கேட்டது. இரண்டு வாரத்துக்கும் மேலாக நாள்தோறும் பணி முடிந்து அழைத்திருக்கிறார். ஊரில் வேறு யாருடைய எண்ணும் அவரிடம் இல்லை. “மௌத்துச் செய்திதான் வரும்னு மனசைத் தேத்திக்கிட்டேன் அஜ்ரத்” என்றார். என் ஆலோசனையால் வந்த வினை என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. சாயங்காலம் அக்காவிடம் பேசுங்கள் என்று வைத்தேன். இளைஞர் இரசீதைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் கோவளம் நோக்கிச் செல்லும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் தெருவுக்கொரு தொலைபேசி இருந்தாலே அதிகம். சவூதியிலிருந்து வரும் கடிதத்தின் அடியில், இத்தனை மணிக்கு அழைப்பேன் என்று எழுதியிருக்கும். அண்டை வீட்டு எண்ணை ‘பி.பி. நம்பர்’ என்று குறித்துக் கொடுப்போம். அழைப்பு வந்ததும் அந்த வீட்டுப் பிள்ளை தெருவில் ஓடிவந்து கூவுவான். அண்டை வீட்டார் காது கொடுத்துக் கேட்பார்கள், அது ஒரு தொல்லைதான். ஆயினும் ஒரு பேசி கெட்டுப்போனதற்காக ஒருவர் இறந்துவிட்டதாக எண்ணப்பட்டதில்லை. இன்று ஆளுக்கொரு எண் உண்டு. பக்கத்து வீட்டு எண் ஒருவரிடமும் இல்லை.

கோவளம் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் அளவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. நவாபுகள் காலத்தில் துறைமுகமும் கோட்டையும் இருந்த இடம்; கிளைவ் செங்கல்பட்டைப் பிடித்த அதே 1752இல் இதையும் பிடித்தார். கோட்டையின் எச்சத்தை இன்று தேடித்தான் காண வேண்டும். மாதா கோயிலும் தர்காவும் மீனவர் குப்பமும் நெருங்கி வாழும் ஊர். இங்கே அடங்கியிருப்பவர் நபித்தோழர்களுள் ஒருவர் என்பது மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அஸர் தொழுகையை முடித்து, ஸியாரத்தும் செய்துவிட்டு வெளியே வந்தேன். தர்காவுக்குச் செல்லும் வழியில், மல்லிகைக் கூடையோடு அந்தத் தாய் அமர்ந்திருந்தார். அருகில் ஊதுபத்தி விற்கும் மூதாட்டி. அந்த மூதாட்டியிடம் முன்னரே பி.எஸ்.என்.எல். இணைப்பு இருப்பதையும், ஊருக்குள் அது நன்றாகக் கேட்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பேசியைக் கூடையின் பக்கத்தில் வைத்தேன். வாங்குமுன் இதை விசாரித்திருக்க வேண்டும். நான் செய்ததை வரிசை மாற்றிச் செய்யுங்கள்.

“எவ்வளவு ஆச்சு அஜ்ரத்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மதரஸாவின் அன்பளிப்பு என்று சொல்ல நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் 3200 என்று உண்மையைச் சொன்னேன். முடிச்சை அவிழ்த்து 700 ரூபாயை எண்ணித் தந்தார். எல்லாம் பத்தும் இருபதுமான தாள்கள். மீதியை மாதம் 250 வீதம் தருவதாகச் சொன்னார். என் யோசனையால் நேர்ந்த செலவு, பாதியாவது நான் ஏற்கிறேன் என்றேன். “யோசனை உங்களது, போனு என்னுது” என்று முடித்துவிட்டார். மூதாட்டியின் எண்ணையும் எங்கள் விடுதியின் எண்ணையும் குவைத் தம்பிக்கு அனுப்பச் சொன்னேன். அதை மட்டும் மறுப்பின்றி ஏற்றார்.

பழைய பேசியை என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். அவர் அதைக் கையில் எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். தலைப்பில் சிறு விளக்கு எரிந்தது. “டார்ச்சு நல்லா எரியுது. விடியக்காலை பூ எடுக்கப் போறப்போ வேணும்ல” என்று கூடைக்குள், ஈரத்துணியின் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.